மூச்சின் தகுதி: நுரையீரல் மாற்று வரலாற்றின் ஓரத்தில் சில குறிப்புகள்

'தகுதி' என்ற சொல்லை அப்பாவிச் சொல்லாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு 1990இல் போய்விட்டது. மண்டல் குழுப் பரிந்துரைகளை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் 'தகுதி, திறமை' என்று கத்தியபோது, யார் வகுத்த தகுதி, எந்தக் காலத்தில் வகுத்தது, அதை அளக்கும் கோல் யார் கையில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்கக் கற்றுக்கொண்டோம். அப்படிக் கேட்பது கல்வி, வேலை, கோயில் கருவறை பற்றிய விவாதங்களுக்கு மட்டும் உரியது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஓர் உறுப்பின் முன்னால் நின்று அதையே கேட்க நேரும் என்று எதிர்பார்க்கவில்லை.

என் அத்தை மகன் மாமல்லபுரத்தில் கல் வேலை பார்த்தவர். பதினேழு வயதில் பட்டறைக்குப் போனவர், நாற்பத்திரண்டு வயதுவரை அதே வேலை. 2024இல் ஒரு ராத்திரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. மூன்றாம் நாள் மூளைச்சாவு என்றார்கள். உறுப்புக் கொடை பற்றிப் பேச ஒரு பெண் வந்தார். நிதானமாக, மரியாதையாகத்தான் பேசினார். அத்தை கையெழுத்துப் போட்டார். இதயம், கல்லீரல், இரண்டு சிறுநீரகம், கண்கள் எல்லாம் எடுத்துக்கொள்ளப்பட்டன. நுரையீரல் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்கள். 'இரண்டும் மாற்றுக்குத் தகுதியானவை அல்ல.' எக்ஸ்ரேயில் இருபக்கமும் சின்னச் சின்னப் புள்ளிகளாக நிழல் இருந்ததாம். உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்திருந்ததால், அதிகாரி வந்து மலர்வளையம் வைத்தார். தெருவே பெருமைப்பட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்க, மூச்ச மட்டும் ஏம்பா வேணான்னுட்டாங்க? நீ படிச்சவனாச்சே, சொல்லேன்."

நான் படித்தது தமிழ் எம்.ஏ. இருந்தாலும் கேட்டுவிட்டார். ஒரு வருஷமாக மருத்துவ நண்பர்களைத் தொந்தரவு செய்தும், கிடைத்ததையெல்லாம் படித்தும் சேர்த்த பதில்தான் இந்தக் கட்டுரை.

உறுப்புக் கொடை என்றால் எங்கள் பகுதியில் இன்றும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் ஹிதேந்திரன். மாமல்லபுரத்திலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிற திருக்கழுக்குன்றத்துப் பையன், பதினைந்து வயது. 2008 செப்டம்பரில் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். மருத்துவர்களான பெற்றோர் அவனுடைய உறுப்புகளைக் கொடுக்க முன்வந்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவன் இதயம் போவதற்காகப் போலீஸ் சென்னையின் தெருக்களைக் காலி செய்து கொடுத்தது. அந்த இதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அந்தச் சம்பவம் முதலில் மலையாளத்திலும் பிறகு தமிழிலும் சினிமாவானது. இறந்தோரிடமிருந்து உறுப்பு பெறும் திட்டம் தமிழ்நாட்டில் ஒரு மக்கள் விஷயமாக மாறியது அந்த ஆண்டில்தான். இதில் கவனிக்க வேண்டியது, கதையாகும் தகுதி இதயத்துக்கு மட்டுமே இருந்தது என்பது. நம் மொழியில் அன்பு, வீரம், துக்கம் எல்லாம் நெஞ்சில்தான் குடியிருக்கின்றன. ஆனால் அதே நெஞ்சில் பெரும்பகுதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிற நுரையீரலுக்கு ஒரு பாட்டுகூடக் கிடையாது. பெயரே கொஞ்சம் இளக்காரம்தான். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று கல், மண், நுரை என்ற வரிசையில் வைத்துப் பார்த்தவன் கறிக்கடைக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

ஆனால் மற்ற உறுப்புகளுக்கும் நுரையீரலுக்கும் ஓர் அடிப்படையான வேறுபாடு உண்டு. இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றும் உடலுக்குள் மூடிக்கிடப்பவை. நுரையீரல் திறந்து கிடப்பது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டருக்குக் குறையாமல் வெளிக்காற்று அதற்குள் போய் வருகிறது. அதாவது ஒரு மனிதன் எங்கே வாழ்ந்தான், எதைக் கொளுத்திச் சமைத்தான், என்ன தொழில் செய்தான், எந்தச் சாலையோரம் தூங்கினான் என்பதெல்லாம் அதில் பதிவாகிக்கொண்டே இருக்கும். அதை ஒரு பிரதி என்றே சொல்லலாம். கொடையாளரின் நுரையீரலைச் சோதிக்கும் மருத்துவர் தான் செய்வது ஒரு வாசிப்பு என்று நினைப்பதில்லை. ஆனால் நடப்பது அதுதான்.

அந்த வாசிப்பு எப்படி நடக்கிறது? 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து மூளைச்சாவை உறுதிப்படுத்த வேண்டும். அதில் முக்கியமான சோதனை மூச்சைப் பற்றியது. வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, மார்பு தானாக ஒருமுறையாவது எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறிப்பிட்ட அளவைத் தாண்டியும் மார்பு அசையவில்லை என்றால், மூளையின் அடித்தண்டு செத்துவிட்டது என்று பொருள். ஆக, சாவுக்குச் சாட்சி சொல்ல முதலில் கூப்பிடப்படுவது நுரையீரல். சாட்சி சொல்லி முடித்த பிறகு, அது தகுதி கேட்டு வரிசையில் நிற்கும் விண்ணப்பதாரராக ஆகிறது.

விண்ணப்பத்துக்கு நிபந்தனைகள் உண்டு. பாடப்புத்தகத்தில் உள்ள 'உத்தமக் கொடையாளர்' இப்படி இருப்பார்: வயது 55க்குள். நாளைக்கு ஒரு பாக்கெட் வீதம் 20 வருஷத்துக்கு மேல் புகைத்திருக்கக் கூடாது. மார்பில் அடி இருக்கக் கூடாது. எக்ஸ்ரே தெளிவாக இருக்க வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தால் சீழோ வாந்தியோ இருக்கக் கூடாது. சுத்தமான ஆக்ஸிஜனைக் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்தால், அதில் ஆக்ஸிஜனின் அழுத்தம் 300 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் இருக்க வேண்டும். ரத்த வகையும் நெஞ்சுக்கூட்டின் அளவும் பெறுபவருக்குப் பொருந்த வேண்டும். இத்தனையும் தேறிய பிறகு கடைசித் தீர்ப்பு அறுவை மேஜையில்தான். மார்பைத் திறந்ததும் மருத்துவர் கையால் தடவிப் பார்க்கிறார், கட்டி தட்டுப்படுகிறதா, எங்காவது இறுகியிருக்கிறதா என்று. வென்டிலேட்டரிலிருந்து ஒரு நிமிஷம் விடுவித்தால் நல்ல நுரையீரல் சட்டென்று சுருங்கும். கெட்டது உப்பியபடியே நிற்கும். இவ்வளவு கருவிகளுக்குப் பிறகும் கடைசியில் கண்ணும் கையும்தான்!

பெரும்பாலான விண்ணப்பங்கள் தோற்றுப்போகின்றன. அமெரிக்காவிலேயே வெகுகாலம் ஐந்து கொடையாளரில் சுமாராக ஒருவருடைய நுரையீரல்தான் பயன்பட்டது. காரணம் கொடையாளரின் பழைய வாழ்க்கை மட்டுமல்ல, சாகும் விதமும்தான். மூளை வீங்கிச் சாகும்போது உடலில் எழும் ரசாயனப் புயல் நுரையீரலுக்குள் நீரை இறைத்துவிடும். விழுந்த இடத்தில் வாந்தி உள்ளே போயிருக்கும். வென்டிலேட்டரில் கிடந்த நாட்களில் கிருமி சேர்ந்திருக்கும். இதைவிடச் சங்கடமானது வேறொன்று உண்டு. சிறுநீரகம் நன்றாக இருக்க நரம்பு வழியே நிறைய திரவம் ஏற்ற வேண்டும். நுரையீரல் நன்றாக இருக்க ஏற்றக் கூடாது. ஒரே உடம்புக்குள் உறுப்புகள் ஒன்றுக்கொன்று போட்டி போடுகின்றன. நுரையீரல் மாற்று பரவலாக இல்லாத ஊரில் இந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிபந்தனைகள் எங்கிருந்து வந்தன? 1963 ஜூன் 11 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்ஸன் நகரில் ஜேம்ஸ் ஹார்டி முதல் நுரையீரல் மாற்றைச் செய்தபோது இப்படியான பட்டியல் ஏதும் இல்லை. மாரடைப்பில் இறந்துபோன ஒருவரின் இடது நுரையீரலை எடுத்து ஜான் ரஸ்ஸல் என்பவருக்கு வைத்தார். ரஸ்ஸல் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனையில் இருந்தவர். நுரையீரல் புற்றுநோய், சிறுநீரகமும் பழுது. அறிவியலுக்குத் தன் உடம்பைக் கொடுத்ததற்காகத் தண்டனை நீக்கம் கிடைத்தது. ஆனால் உயிரோடு இருந்தது 18 நாள்தான். அன்று கொடுப்பவரின் தகுதியை யாரும் பெரிதாக ஆராயவில்லை. பெறுபவரின் தகுதியைத் தீர்மானித்தது, அவர் சிறையில் இருந்தார், இழக்க அவரிடம் ஏதுமில்லை என்பது. அதே ராத்திரி, நடுநிசி தாண்டியதும், கறுப்பின மக்கள் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸை அவர் வீட்டு வாசலிலேயே ஒரு வெள்ளை வெறியன் சுட்டான். அவரைத் தூக்கிவந்த இடமும் ஹார்டியின் அதே மருத்துவமனை. அங்கேயே இறந்தார். ஒரே கூரையின் கீழ், ஒரே ராத்திரியில், ஒரு மூச்சை நீட்டிக்கும் விஞ்ஞானமும் ஒரு மூச்சை நிறுத்திய சமூகமும். மருத்துவ வரலாற்றுப் புத்தகங்கள் முதலாவதை எழுதுகின்றன, அரசியல் வரலாறு இரண்டாவதை எழுதுகிறது. இரண்டையும் சேர்த்து வாசிப்பவர்கள் குறைவு.

ஃபூக்கோ மருத்துவப் பார்வையின் தோற்றம் பற்றிய தன் நூலை வெளியிட்டதும் அதே 1963இல்தான் என்பது தற்செயல். உடலைத் திறந்து பார்க்கத் தொடங்கிய பிறகு சாவிலிருந்து நோயையும் நோயிலிருந்து வாழ்வையும் வாசிக்கும் ஓர் அறிதல்முறை உருவானது என்பது அவர் வாதம். நம்மில் சிலர் இந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு மருத்துவம் என்றாலே அதிகாரம், மூளைச்சாவு என்பதே உறுப்புக்காகக் கட்டமைக்கப்பட்ட ஒரு சொல்லாடல் என்று முடித்துவிடுகிறார்கள். இது சோம்பேறித்தனம். மூளைச்சாவுக்கான அளவுகோலை ஹார்வர்டு குழு 1968இல் வகுத்ததற்கும், அதற்கு முந்தைய டிசம்பரில் கேப்டவுனில் நடந்த முதல் இதய மாற்றுக்கும் தொடர்பு உண்டுதான். ஆனால் ஒரு கருத்துக்கு வரலாறு இருக்கிறது என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. நுண்கல் தூசி படிந்து இறுகிய நுரையீரலை இன்னொருவர் மார்பில் வைத்திருந்தால் அது கொலையாகியிருக்கும். என் அத்தை மகனின் நுரையீரலை நிராகரித்தவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். என் கேள்வி அதற்கு அப்பால் இருக்கிறது.

ஹார்டிக்குப் பிறகு இருபது வருஷம் தோல்விகளின் காலம். நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்குச் செய்து பார்த்தார்கள், அநேகமாக எல்லோரும் சில நாட்களில், சில வாரங்களில் இறந்தார்கள். மூச்சுக்குழாய் தைத்த இடம் ஆறவில்லை. 1983 நவம்பரில் டொரண்டோவில் ஜோயல் கூப்பர் செய்த ஒற்றை நுரையீரல் மாற்றுதான் முதல் நீடித்த வெற்றி. அந்த நோயாளி ஆறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். சைக்ளோஸ்போரின் என்ற மருந்தும் அப்போது கைக்கு வந்திருந்தது. மேலே சொன்ன உத்தமக் கொடையாளர் பட்டியல் உருவானது இந்தக் கட்டத்தில். இத்தனை தோல்விக்குப் பிறகு கிடைத்த வெற்றியைக் காப்பாற்ற, கொஞ்சமும் சந்தேகம் இல்லாத நுரையீரலை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்ற எச்சரிக்கையில் போட்ட கோடுகள் அவை. 55 வயது, 300 மில்லிமீட்டர், 20 வருஷம் என்ற எண்கள் சோதித்துக் கண்டடைந்தவை அல்ல, பயத்தின் எண்கள். எண்ணாக எழுதிவிட்டால் பயமும் விஞ்ஞானம்போலத் தோன்றும்.

பின்னால் அவை தளர்ந்தன. காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்கள் செத்துக்கொண்டே இருந்ததால் தளர்ந்தன. 2012இல் 'லான்ஸெட்' இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று முக்கியமானது. புகைத்தவர்களின் நுரையீரலைப் பெற்றவர்கள், புகைக்காதவர்களின் நுரையீரலைப் பெற்றவர்களைவிடக் குறைவாகத்தான் வாழ்ந்தார்கள். ஆனால் அந்த நுரையீரல் வேண்டாம் என்று காத்திருந்திருந்தால் அதைவிடக் குறைவாக வாழ்ந்திருப்பார்கள். தகுதி என்பது ஒப்பீட்டில்தான் இருக்கிறது என்பதை இதைவிட அப்பட்டமாகச் சொல்ல முடியாது. எதனோடு ஒப்பிடுகிறோம்? உத்தமக் கொடையாளரோடா, சாவோடா?

அதற்கும் முன்பே, 2000இல், சுவீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் ஸ்டீன் வேறொரு வழியைத் திறந்திருந்தார். நுரையீரலை உடலிலிருந்து வெளியே எடுத்து, குழாய்கள் இணைத்து, சூடான திரவத்தை ஓட்டி, வெளியிலேயே மூச்சுவிட வைத்துச் சோதித்த பின் பொருத்தினார். அந்தக் கொடையாளரும் ஹார்டியின் கொடையாளரைப்போல மாரடைப்பில் இறந்தவர்தான்! டொரண்டோக்காரர்கள் இந்த முறையை வளர்த்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சந்தேகத்துக்குரியவை என்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய 23 நுரையீரல்களை நான்கு மணி நேரம் கண்ணாடிக் கூட்டுக்குள் சுவாசிக்க வைத்துப் பார்த்ததில் 20 பொருத்தப்பட்டன, பலனும் மற்றவற்றுக்கு நிகராக இருந்தது. நேற்றுவரை தகுதியற்றவை!

இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு நம்மூர்க் கதை ஒன்று ஞாபகம் வந்தது. தாம்பரம் சானடோரியம் என்றால் ரயில் நிலையத்தின் பெயராகத்தான் பலருக்குத் தெரியும். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் அந்த இடத்தில் 1928இல் காசநோய் இல்லத்தைத் தொடங்கியவர் டேவிட் சவுரிமுத்து. இங்கிலாந்தில் கணித மேதை ராமானுஜனுக்கு வைத்தியம் பார்த்தவர். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை ஓய்வு இவை இல்லாமல் நுரையீரல் தேறாது என்பது அந்தக் கால மருத்துவத்தின் அசையாத நம்பிக்கை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தியல் மையம் அந்த நம்பிக்கையைச் சோதித்தது. ஒரு பகுதி நோயாளிகளுக்குச் சானடோரியத்தில் மருந்து, இன்னொரு பகுதிக்கு அவரவர் வீட்டிலேயே, அதாவது காற்றும் வெளிச்சமும் இல்லாத நெரிசலான குடிசைகளிலேயே மருந்து. 1959இல் முடிவு வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் சென்னைக் குடிசைவாசிகளின் நுரையீரல்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்தக் குடிசைகளை மாற்ற வேண்டிய அவசியமும் அத்தோடு குறைந்துபோனது. மருந்து போதும் என்றாகிவிட்டது இல்லையா?

சிறுநீரகத்தின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் நுரையீரலின் நிலைமை இன்னும் துலக்கமாகும். 1980களில் வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே பெயர் விழுந்திருந்தது. 1994 சட்டம் அந்த வியாபாரத்தைக் குற்றமாக்கியது. ஆனாலும் 2004 சுனாமிக்குப் பிறகு எண்ணூர்ப் பக்கம் எர்ணாவூர் முகாமில் இருந்த மீனவப் பெண்கள் சிறுநீரகத்தை விற்றிருந்தது 2007இல் வெளியே வந்தது. ஏழையின் சிறுநீரகத்துக்குத் தகுதிப் பிரச்சினை வந்ததே இல்லை. பட்டினி கிடந்தவளா, கடனில் மூழ்கியவளா என்பதெல்லாம் சிறுநீரகத்தில் எழுதியிருக்காது. நுரையீரலில் எழுதியிருக்கும். தன் உடம்பின் வரலாற்றை மறைக்கத் தெரியாத உறுப்பு அது. அதனாலேயே ஏழையின் நுரையீரலைச் சந்தையும் சீந்தவில்லை.

தேறிய நுரையீரல் யாருக்குப் போகிறது? 2018 ஜூனில் தமிழ்நாட்டில் பெரிய சர்ச்சை எழுந்தது. முந்தைய வருஷம் இங்கே நடந்த இதய மாற்றுகளில் சுமார் கால் பங்கும் நுரையீரல் மாற்றுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கும் வெளிநாட்டு நோயாளிகளுக்குப் போயின என்று தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் இயக்குநரே சொன்னதாகச் செய்திகள் வந்தன. பட்டியலில் உள்ள இந்திய நோயாளிகள் யாருக்கும் பொருந்தாத, யாரும் கேட்காத உறுப்புகள்தான் வெளிநாட்டவருக்கு ஒதுக்கப்பட்டன, இல்லையென்றால் அவை வீணாகியிருக்கும் என்பது பதில். விதிப்படி வெளிநாட்டவருக்குக் கடைசி இடம்தான், எனவே பதில் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 'யாரும் கேட்கவில்லை' என்பதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். நுரையீரல் மாற்றுக்கு இருபது முப்பது லட்சம் ஆகும், அதன் பிறகு வாழ்நாள் முழுக்க மருந்து. அந்தப் பட்டியலில் பெயர் பதிவதற்கே ஒரு தகுதி வேண்டும். அதற்கு எக்ஸ்ரே கிடையாது.

இப்போது அத்தையின் கேள்விக்கு வருகிறேன். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் அந்தப் பெரும்பாறையில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்பவனின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். மூச்சை அடக்கியவனின் நெஞ்சுக்கூடு எப்படி இருக்கும் என்பது பல்லவர் காலத்துச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது. அவன் நெஞ்சுக்கூட்டுக்குள் என்ன இருந்தது என்று நாம் கேட்டதில்லை. உளியும் சுத்தியலுமாக வேலை செய்த காலத்தில் தெறித்தது பெரும்பாலும் சில்லும் மணலுமாக இருந்திருக்கும். மின்சாரக் கட்டரும் கிரைண்டரும் வந்த பிறகு பறப்பது மாவு. கருங்கல்லில் உள்ள சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத துகளாக நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை போய் உட்கார்ந்துவிடும். அதை விழுங்கப் போகிற காவல் செல்கள் செத்து விழ, அந்த இடம் தழும்பாகும். தழும்பு கூடிக் கூடி முடிச்சாகும். இதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். வேலையை விட்ட பிறகும் வளரும், காசநோயையும் கூட்டி வரும், மருந்து கிடையாது. முற்றினால் இருக்கிற ஒரே வழி நுரையீரல் மாற்று. அதாவது கல் தச்சன் இந்த வரிசையின் இரண்டு முனையிலும் நிற்கிறான். கொடுக்க லாயக்கில்லாதவன், வாங்க வசதியில்லாதவன்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே சிலிக்கோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இருந்தது. ஆனால் தென்னங்கீற்றுக் கொட்டகையில் நாலு பேர் உட்கார்ந்து விநாயகர் செதுக்கும் இடம் தொழிற்சாலை ஆகாது. அங்கே செய்வது 'கலை'. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். சிற்பம் அசல் என்பதற்குச் சான்றிதழ் இருக்கிறது, செதுக்கியவனின் மூச்சு எப்படியிருக்கிறது என்பதற்கு இல்லை. என் அத்தை மகன் எட்டு வருஷமாக இருமிக்கொண்டிருந்தார். மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடிப்பார், தூசி அதிகமான நாளில் ஈரத்துண்டு கட்டிக்கொள்வார். யாரும் படம் எடுக்கச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவருடைய நுரையீரலை மருத்துவம் முதன்முதலாக உட்கார்ந்து வாசித்தது, அது இன்னொருவருக்கு ஆகுமா என்று பார்ப்பதற்காகத்தான். வாசித்தார்கள், சரியாகவே வாசித்தார்கள், ஒற்றை வார்த்தையில் மதிப்பெண் போட்டுவிட்டு மூடிவிட்டார்கள். அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன, அதே கொட்டகையில் இன்னும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

அத்தையிடம் இவ்வளவையும் சொல்ல முடியுமா? கல் தூசி உள்ளே போய்ப் படிஞ்சிருந்தது அத்தை, அதனாலதான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அப்போ சின்னவனுக்கு?" என்றார். சின்னவன் அதே பட்டறையில் பதினான்கு வருஷமாக வேலை செய்கிறான். அன்று சாயங்காலமே அவனைப் போய்ப் பார்த்தேன். கட்டரை நிறுத்திவிட்டு, தலையிலும் புருவத்திலும் வெள்ளை மாவோடு வந்து நின்றான். ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். "பாக்கலாம் மச்சான்" என்றான். பிறகு, "புள்ளி இருக்குன்னு வந்தா என்ன பண்றது, வேலைய வுட்டுடறதா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போனான். கட்டர் மறுபடியும் ஓடத் தொடங்கியது.